உங்கள் போர்டு கெட்டுப்போகவில்லை, ரேம்தான் ஆகாதது

கேள்வி: "2012ல் வாங்கிய அசெம்பிள்டு கம்ப்யூட்டர். ஐ3-2120 பிராசஸர், எச்61 போர்டு, 2 ஜிபி ரேம் இரண்டு. விண்டோஸ் 10 போட்ட பிறகு குரோமில் நாலு டேப் திறந்தாலே திணறுகிறது. ஆன்லைனில் மலிவாகக் கிடைத்த 8 ஜிபி டிடிஆர்3 ரேம் ஒன்றை வாங்கிப் போட்டேன். டிஸ்ப்ளே வரவில்லை, பீப் சத்தம் மட்டும்தான். மாமனார் வீட்டில் இருக்கும் இன்னும் பழைய ஜி41 கம்ப்யூட்டரில் போட்டாலும் அதே கதை. கடைக்காரர், 'போர்டு போயிடுச்சு, புது சிஸ்டம் வாங்கிக்குங்க' என்கிறார். பழைய ரேமைத் திரும்பப் போட்டால் இரண்டும் ஓடுகின்றன. ரேம் விளம்பரத்தின் அடியில் 'ஏஎம்டிக்கு மட்டும்' என்று இருந்ததை இப்போதுதான் பார்த்தேன். அப்படியெல்லாம் ரேமில் வகை உண்டா? எந்த ரேம் வாங்குவது?"

பழைய ரேமைப் போட்டால் ஓடுகிறது என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். அப்புறம் போர்டு எப்படிப் போயிருக்கும்? கடைக்காரர் சொன்னதை ஒதுக்கி வையுங்கள். நீங்கள் வாங்கிய ரேம் உங்கள் இரண்டு போர்டுகளுக்கும் ஆகாதது, அவ்வளவுதான். அது கெட்டுப்போன ரேம் என்றும் சொல்ல முடியாது. அதற்கேற்ற போர்டில் போட்டால் அது பாட்டுக்கு வேலை செய்யும்.

"ஏஎம்டிக்கு மட்டும்" என்ற வகையை ரேமுக்கான தர விதிகள் எதிலும் பார்க்க முடியாது. விற்பவர்கள் வைத்த பெயர் அது. ஏஎம்டி என்பது இன்டெல் மாதிரி பிராசஸர் செய்யும் கம்பெனி. ஆனால் பெயருக்குப் பின்னால் ஒரு நிஜமான காரணம் இருக்கிறது. அதைப் புரிந்துகொண்டால் எந்தப் பழைய கம்ப்யூட்டருக்கும் ரேம் தேடுவது எளிதாகிவிடும் என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

ஒரு ரேம் ஸ்டிக்கைக் கையில் எடுத்துப் பாருங்கள். பச்சைத் தகட்டின் மேல் கறுப்புச் சிப்கள் வரிசையாக ஒட்டியிருக்கும். பிராசஸர் கேட்கும்போது அந்த ஸ்டிக் ஒரே நேரத்தில் 64 பிட் தர வேண்டும். ஒரு சிப் தனியாக அவ்வளவு தராது. வீட்டுக் கம்ப்யூட்டர் ரேமில் பெரும்பாலும் ஒரு சிப் 8 பிட் தரும். எட்டு சிப் சேர்ந்தால் 64. இப்படிச் சேர்ந்து வேலை செய்யும் கூட்டத்துக்கு ரேங்க் என்று பெயர். முன்பக்கம் எட்டு, பின்பக்கம் எட்டு என்று பதினாறு சிப் இருந்தால் இரண்டு ரேங்க். லேபிளில் "2ஆர்எக்ஸ்8" என்று அச்சிட்டிருப்பார்கள். இரண்டு ரேங்க், ஒவ்வொரு சிப்பும் 8 பிட் என்று அர்த்தம். "1ஆர்எக்ஸ்8" என்றால் ஒரே ரேங்க், எட்டே சிப்.

இன்னொரு வகைச் சிப் ஒரு தடவைக்கு 4 பிட்தான் தரும். அது பொதுவாக சர்வர் ரேம்களில் இருக்கும் வகை. அதில் 64 பிட் சேர்க்கப் பதினாறு சிப் வேண்டும். "ஏஎம்டிக்கு மட்டும்" என்று விற்கும் மலிவு ஸ்டிக்குகள் இந்த 4 பிட் சிப்களை வைத்துச் செய்தவை. வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசமே தெரியாது. அதிலும் பதினாறு சிப், இதிலும் பதினாறு சிப்.

உள்ளே அமைப்பு வேறு. ரேம் சிப் என்பது கட்டம் போட்ட நோட்டு மாதிரி. வரிசை எண்ணும் நெடுவரிசை எண்ணும் சொன்னால் அந்தக் கட்டத்தில் இருப்பதைத் தரும். 4 கிகாபிட் கொள்ளளவுள்ள டிடிஆர்3 சிப் 8 பிட் வகையாக இருந்தால் ஒரு வரிசையில் 1024 நெடுவரிசைகள். 4 பிட் வகையாக இருந்தால் 2048. இன்டெலின் வீட்டுக் கம்ப்யூட்டர்களில் ரேமிடம் கேட்டு வாங்கும் பகுதியான மெமரி கன்ட்ரோலர் அந்த 2048 கணக்குக்குப் பழக்கப்பட்டதல்ல. இப்படி ஒரு ஸ்டிக்கைக் கண்டதும் ரேமே இல்லாத மாதிரி பீப் அடிக்கும். அத்லான் 2, ஃபினாம் 2 காலத்து ஏஎம்டி பிராசஸர்களின் கன்ட்ரோலருக்கு இரண்டு கணக்கும் தெரியும். அதனால்தான் அந்தப் பெயர்.

ஆக, ரேம் பொருந்துமா பொருந்தாதா என்பதை முடிவு செய்வது மெமரி கன்ட்ரோலர். ஸ்டிக்கில் 8 ஜிபி என்று எழுதியிருப்பது விற்பனைக்கு. அந்த 8 ஜிபி எத்தனை சிப்பில், என்ன அமைப்பில் இருக்கிறது என்பதுதான் கன்ட்ரோலருக்குக் கணக்கு.

உங்கள் இரண்டு கம்ப்யூட்டர்களிலும் இந்தக் கன்ட்ரோலர் இருக்கும் இடமே வேறு. கோர் 2 டுயோ காலம் வரை இன்டெல் அதைப் போர்டில் இருக்கும் சிப்செட்டில், அதாவது பிராசஸரையும் மற்ற பாகங்களையும் இணைக்கும் சிப்பில், வைத்திருந்தது. மாமனார் வீட்டு ஜி41 அந்த ரகம். 2008 இறுதியில் தொடங்கிய கோர் ஐ வரிசையில் அது பிராசஸருக்குள்ளேயே போய்விட்டது. உங்கள் ஐ3-2120 அப்படி. அதனால் மாமனாருடையதற்குச் சிப்செட்டின் வரம்பைப் பார்க்க வேண்டும். உங்களுடையதற்குப் பிராசஸரின் வரம்பையும் போர்டில் எத்தனை ஸ்லாட் இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

முதலில் உங்கள் எச்61. இது ரேம் போடச் சுலபமான கம்ப்யூட்டர். டிடிஆர்3 ரேம், வழக்கமாக இரண்டு ஸ்லாட், ஒவ்வொன்றிலும் 8 ஜிபி வரை, மொத்தம் 16 ஜிபி. ஐ3-2120 பிராசஸர் 1333 வேகம் வரைதான் ரேமை ஓட்டும். அதற்காக 1333 என்று எழுதிய ரேமைத் தேடி அலைய வேண்டாம். 1600 ரேம் இப்போது எளிதாகக் கிடைக்கிறது. அதைப் போட்டால் 1333க்கு இறங்கி ஓடும். ஒவ்வொரு ஸ்டிக்கிலும் மூலையில் ஒரு குட்டிச் சிப் இருக்கிறது. தான் எந்தெந்த வேகத்தில், எந்த டைமிங்கில் ஓட முடியும் என்ற பட்டியல் அதில் பதிவாகியிருக்கும். கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது போர்டின் தொடக்க மென்பொருளான பயாஸ் அதைப் படித்து இரண்டு பக்கமும் ஒத்துவரும் வேகத்தைத் தேர்ந்துகொள்ளும். பழைய 1333 ஸ்டிக்கோடு புது 1600 ஸ்டிக்கைச் சேர்த்துப் போட்டாலும் இப்படித்தான், இரண்டும் குறைந்த வேகத்துக்கு இறங்கிவிடும்.

லேபிளில் வேகம் இரண்டு விதமாக எழுதப்படுவதால் பலர் குழம்புகிறார்கள். "பிசி3-10600" என்றாலும் டிடிஆர்3-1333 என்றாலும் ஒன்றுதான். 1333ஐ 8ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 10600 வரும், வினாடிக்கு அத்தனை மெகாபைட். அதே மாதிரி "பிசி3-12800" என்றால் 1600. சிஎல் என்ற எண்ணைப் பார்த்தும் பயப்படுகிறார்கள். 1333 ரேமில் சிஎல் 9, 1600 ரேமில் சிஎல் 11 இருப்பது சாதாரணம். 11 என்பது 9ஐ விட மெதுவானது போலத் தோன்றும். ஆனால் அது கேட்டதைத் தரும் முன் ரேம் எடுத்துக்கொள்ளும் துடிப்புகளின் எண்ணிக்கை. 1600ல் துடிப்பு வேகமாக வருவதால், நேரமாகப் பார்த்தால் முதலாவது 13.5 நானோவினாடி, இரண்டாவது 13.75. வீட்டு வேலைக்கு இந்த எண்ணை மறந்தேவிடலாம்.

அந்த 10600 எண்ணுக்கு வாலாக ஒட்டியிருக்கும் எழுத்தை மட்டும் மறக்கக் கூடாது. "பிசி3-10600யூ" என்று "யூ"வில் முடிந்தால் அது நம் வீட்டு டெஸ்க்டாப் ரேம். "ஆர்" என்று முடிந்தால் சர்வர் ரேம், ரெஜிஸ்டர்டு என்பார்கள். "ஈ" என்றால் பிழை திருத்தும் வகை. "எஸ்" என்றால் லேப்டாப். ரெஜிஸ்டர்டு ரேம் பழைய சர்வர்களைப் பிரிக்கும்போது மூட்டை மூட்டையாக வெளியே வருகிறது. 8 ஜிபி, 16 ஜிபி ஸ்டிக்குகள் அடிமாட்டு விலைக்குக் கிடைக்கும். காடியும் (ஸ்டிக்கின் அடியில் உள்ள வெட்டு) ஒரே இடத்தில் இருப்பதால் உங்கள் ஸ்லாட்டில் கச்சிதமாக உட்காரும். ஆனால் ஓடாது. கண்ணால் கண்டுபிடிக்கவும் வழி இருக்கிறது. சிப்களை எண்ணினால் எட்டின் மடங்காக இருக்காது, ஒன்பதின் மடங்காக இருக்கும். நடுவில் வேறு அளவில் ஒரு சிப் தனியாக உட்கார்ந்திருக்கும். சீனாவிலிருந்து வரும் எக்ஸ்79 போர்டும் ஜியான் பிராசஸரும் வைத்திருப்பவர்களுக்கு இது பொக்கிஷம். நமக்கு இல்லை.

சரி, 8 ஜிபியா 16 ஜிபியா, ஒரு ஸ்டிக்கா இரண்டா?

என் ஆலோசனை, 4 ஜிபி ஸ்டிக் இரண்டு. இப்போதிருக்கும் 2 ஜிபிகள் இரண்டையும் கழற்றிவிடுங்கள். இரண்டு ஸ்லாட்டிலும் ஒரே அளவு இருந்தால் கன்ட்ரோலர் இரண்டு பாதையிலும் ஒரே நேரத்தில் எடுக்கும், டுவல் சேனல் என்பது இதுதான். உங்களிடம் தனி கிராபிக்ஸ் கார்டு இல்லை என்று நினைக்கிறேன். பிராசஸருக்குள் இருக்கும் கிராபிக்ஸ் தனக்கென்று மெமரி இல்லாமல் ரேமிலிருந்தே எடுத்துக்கொள்வதால் டுவல் சேனலின் பலன் அங்கே கொஞ்சம் தெரியும். வீடியோ, சின்னச் சின்ன விளையாட்டுகளில் பார்க்கலாம். டேலியிலும் எக்செலிலும் தெரியாது.

ஒரே 8 ஜிபி ஸ்டிக் நல்ல விலைக்குக் கிடைத்தால் அதையும் வாங்கலாம், தப்பில்லை. கூடவே பழைய 2 ஜிபி ஒன்றை விட்டுவைத்தால் மொத்தம் 10 ஜிபி ஆகும். "அளவு மாறினால் ஓடாது" என்று கடைகளில் சொல்வதை நம்ப வேண்டாம். இன்டெல் கன்ட்ரோலர்கள் இரண்டிலும் சமமாக இருக்கும் பகுதியை, இங்கே 2ம் 2மாக 4 ஜிபியை, டுவல் சேனலாக ஓட்டும். மீதி 6 ஜிபி ஒற்றைப் பாதையில் ஓடும். ஜோடியாக ஒரே கம்பெனி, ஒரே மாடல் வாங்கினால் தலைவலி குறைவு என்பது உண்மைதான். வேறு வேறு கம்பெனி ஸ்டிக்குகள் சேர்ந்து ஓடவே ஓடாது என்பது உண்மையில்லை. என் வீட்டில் ஒரு எச்61ல் எல்பிடா சிப் போட்ட பழைய ஸ்டிக் ஒன்றும் ஹைனிக்ஸ் ஸ்டிக் ஒன்றும் பல வருடமாகச் சேர்ந்து ஓடுகின்றன. எல்பிடா 2012ல் திவாலாகி மைக்ரானிடம் போய்விட்டது. ஸ்டிக் இன்னும் திவாலாகவில்லை.

16 ஜிபி உங்களுக்கு வேண்டாம் என்பேன். அந்தப் பிராசஸரில் 16 ஜிபியை நிரப்பும் வேலை எதைக் கொடுத்தாலும் ரேமுக்கு முன்னால் பிராசஸர் மூச்சு வாங்கும். மிச்சமாகும் பணத்தை, ஹார்டு டிஸ்குக்குப் பதிலாகப் போடும் வேகமான எஸ்எஸ்டியில் போடுங்கள். இது பேச்சுக்குச் சொல்வதில்லை. 4 ஜிபி ரேம் உள்ள கம்ப்யூட்டரில் விண்டோஸ் 10 தானே ஏறக்குறைய பாதியை எடுத்துக்கொள்கிறது. மீதி நிரம்பியதும் ரேமில் இருப்பதைத் தூக்கி ஹார்டு டிஸ்கில் வைக்கிறது, தேவைப்பட்டால் திரும்ப எடுக்கிறது. உங்கள் நாலு டேப் திணறலில் பெரும்பகுதி இந்தப் போக்குவரத்து. டாஸ்க் மேனேஜரைத் திறந்து "பெர்ஃபார்மன்ஸ்" பக்கத்தில் மெமரியையும் டிஸ்கையும் பாருங்கள். மெமரி 90 சதவீதத்துக்கு மேல் நின்று, டிஸ்க் 100லேயே ஒட்டிக்கொண்டிருந்தால் ரேம் பற்றாக்குறை. மெமரி பாதிதான் நிரம்பியிருக்கிறது, டிஸ்க் மட்டும் 100 என்றால் ரேம் வாங்கிப் பயனில்லை, ஹார்டு டிஸ்கைத்தான் மாற்ற வேண்டும். எச்61ல் டிஸ்கை இணைக்கும் சாட்டாவின் வேகம் வினாடிக்குப் பழைய 3 கிகாபிட்தான். இருந்தாலும் எஸ்எஸ்டி போட்டால் வேறு கம்ப்யூட்டர் மாதிரி ஆகிவிடும். அதே மெமரிப் பக்கத்தில் எத்தனை ஸ்லாட், எத்தனை நிரம்பியிருக்கிறது, என்ன வேகம் என்பதும் இருக்கும்.

இன்னும் விவரம் வேண்டுமென்றால் சிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைப் போடுங்கள். "மெயின்போர்டு" பக்கத்தில் போர்டின் மாடலும் சிப்செட்டும் வரும். "எஸ்பிடி" பக்கத்தில் ஒவ்வொரு ஸ்லாட்டில் இருக்கும் ஸ்டிக்கின் கம்பெனி, மாடல் எண், வேகம் எல்லாம் வரும். மாடல் தெரிந்தால் போர்டு கம்பெனியின் தளத்தில் கையேட்டை எடுத்துப் பாருங்கள். கையேட்டில் இருக்கும் அதிகபட்ச அளவை வேதவாக்காக எடுக்க வேண்டியதில்லை. 8 ஜிபி ஸ்டிக் சந்தைக்குப் பரவலாக வராத நாளில் எழுதிய கையேட்டில் "மொத்தம் 8 ஜிபி" என்றே போட்டிருப்பார்கள், கன்ட்ரோலர் அதற்கு மேலும் எடுக்கும். போர்டு இன்டெல் கம்பெனியே செய்ததாக இருந்தால் அவர்கள் தளத்தில் தேட வேண்டாம். டெஸ்க்டாப் போர்டு செய்வதையே நிறுத்திவிட்டார்கள், பழைய போர்டுகளின் பயாஸையும் டிரைவர்களையும் 2019 இறுதியில் தளத்திலிருந்து எடுத்தும்விட்டார்கள்.

இனி மாமனார் வீட்டு ஜி41. நான் சூடுபட்ட இடம் இது என்பதால் கொஞ்சம் நீட்டித்தான் எழுதுவேன்.

2014 வாக்கில் என் சித்தப்பா வீட்டில் ஒரு ஜி41 இருந்தது. டிடிஆர்3, 2 ஜிபி. 4 ஜிபி ஸ்டிக் ஒன்றை வாங்கிக்கொண்டு போனேன். புத்தம் புதிது, நல்ல கம்பெனி, பெட்டி பிரிக்காதது. போட்டால் பீப். கடையில் மாற்றித் தந்தார்கள், இரண்டாவதும் பீப். மூன்றாவது முறை போனபோது பின்னால் சர்வீஸ் மேஜையில் உட்கார்ந்திருந்த ஒரு வயதானவர் தலையைத் தூக்காமலே கேட்டார்: "ஜி41ஆ? டபுள் சைடு கேளு தம்பி." உள்ளேயிருந்து அதே 4 ஜிபி, இரண்டு பக்கமும் சிப் உள்ள பழைய ஸ்டிக் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். போட்டதும் ஓடியது.

ஏன் என்று அப்புறம்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். ஜி41 சிப்செட்டுக்கு ஒரு சிப் 2 கிகாபிட் வரை இருந்தால்தான் புரியும். 2 கிகாபிட் என்பது 256 மெகாபைட். அப்படிப் பதினாறு சிப் வைத்தால் 4 ஜிபி, இரண்டு பக்கமும் நிரம்பும். பின்னால் வந்த 4 ஜிபி ஸ்டிக்குகளில் 4 கிகாபிட் சிப் எட்டை ஒரே பக்கத்தில் வைத்தார்கள். செய்யும் செலவு குறைவு, மின்சாரமும் குறைவு. ஆனால் 4 கிகாபிட் சிப்பில் வரிசைகள் இருமடங்கு. ஜி41 பிறந்த நாளில் அந்தக் கணக்கு இல்லை. மேலே சொன்ன நோட்டுக் கதைதான், அங்கே நெடுவரிசை, இங்கே வரிசை.

ஆக ஜி41க்கு ஒரு ஸ்டிக் அதிகபட்சம் 4 ஜிபி, அதுவும் பதினாறு சிப், 2ஆர்எக்ஸ்8. மொத்தம் 8 ஜிபிக்கு மேல் போகாது. உங்கள் 8 ஜிபி ஸ்டிக் 4 பிட் வகையாக இல்லாமல் நல்ல வகையாகவே இருந்திருந்தாலும் ஜி41ல் ஓடியிருக்காது. அதாவது இரண்டு கம்ப்யூட்டரும் ஒரே மாதிரி பீப் அடித்ததற்குக் காரணம் ஒன்றல்ல. எச்61ல் ஒரே தடங்கல், ஜி41ல் இரண்டு.

மாடல் எண்ணைப் படிக்கத் தெரிந்தால் கடைக்காரரை நம்பியிருக்க வேண்டாம். கிங்ஸ்டனில் "கேவிஆர்16என்11எஸ்8/4" என்று இருந்தால், 16 என்பது 1600 வேகம், 11 என்பது சிஎல், "எஸ்8" என்பது ஒரே ரேங்க், 8 பிட் சிப், கடைசி 4 என்பது 4 ஜிபி. ஒரே ரேங்க் என்றால் எட்டு சிப், ஜி41க்கு ஆகாது. உங்கள் எச்61க்கு அருமையாக ஆகும். "எஸ்8" இடத்தில் "டி8" இருந்தால் இரண்டு ரேங்க். சாம்சங்கில் எண்ணின் தொடக்கத்தைப் பாருங்கள். "எம்378" என்றால் டெஸ்க்டாப், "எம்471" லேப்டாப், "எம்393" சர்வர். ரேங்க் விவரம் லேபிளிலேயே தனியாக அச்சாகியிருக்கும்.

ஜி41 போர்டுகளில் டிடிஆர்2 போடுபவையும் உண்டு, டிடிஆர்3 போடுபவையும் உண்டு, இரண்டு வகை ஸ்லாட்டும் வைத்த போர்டுகளும் வந்தன. அந்த இரட்டை வகையில் ஏதாவது ஒன்றைத்தான் ஒரு நேரத்தில் போடலாம். டிடிஆர்2வுக்கும் டிடிஆர்3க்கும் முனை எண்ணிக்கை 240தான், காடி இருக்கும் இடம் வேறு. அதனால் மாற்றிப் போட முடியாது, அழுத்திப் பார்க்கவும் கூடாது. ஸ்லாட் உடைந்துபோன போர்டுகளைப் பார்த்திருக்கிறேன். மாமனாருடையது டிடிஆர்2வாக இருந்தால் 2ம் 2மாக 4 ஜிபியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இன்டெலில் ஓடும் 4 ஜிபி டிடிஆர்2 ஸ்டிக் அபூர்வம். மலிவாகக் கண்ணில் படுவது பெரும்பாலும் நீங்கள் மாட்டிக்கொண்ட அதே "ஏஎம்டிக்கு மட்டும்" வகை.

இடையில் வந்த முதல் தலைமுறை ஐ3, ஐ5 எச்55 போர்டு யாரிடமாவது இருந்தால் அவர்களுக்கும் இதே 2 கிகாபிட் வரம்புதான். 8 ஜிபி ஸ்டிக் வாங்காதீர்கள். இன்னும் பின்னால் போய் ஜி31, 945 சிப்செட் என்றால் ரேமுக்குச் செலவு செய்வதே வீண். மொத்தமே 4 ஜிபிதான் வரம்பு.

லேப்டாப் பற்றிக் கேட்கவில்லை. ஆனாலும் ஒரு எச்சரிக்கை. நான்காம் தலைமுறை இன்டெல் லேப்டாப்களுக்கு 1.35 வோல்ட்டில் ஓடும் டிடிஆர்3எல் ரேம்தான் வேண்டும், பழைய 1.5 வோல்ட் ரேம் ஸ்லாட்டில் உட்கார்ந்தாலும் ஓடாது. டெஸ்க்டாப்பில் இந்தத் தொல்லை இல்லை. டிடிஆர்3எல் ஸ்டிக் 1.5 வோல்ட்டையும் தாங்கும் என்பதால் உங்கள் எச்61ல் தாராளமாகப் போடலாம்.

ரேம் வாங்குவதற்கு முன் இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். இரண்டு கம்ப்யூட்டரிலும் விண்டோஸ் 64 பிட்டா 32 பிட்டா? 32 பிட் என்றால் எத்தனை ஜிபி போட்டாலும் சுமார் மூன்றேகால், மூன்றரை ஜிபிதான் கண்ணுக்குத் தெரியும். மாமனார் வீட்டில் 32 பிட் விண்டோஸ் 7 இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. அந்தக் காலத்தில் அசெம்பிள் செய்தவர்கள் கையில் இருந்த ஒரே சிடியை எல்லாருக்கும் போட்டார்கள். 64 பிட்டாகவே இருந்தாலும் விண்டோஸ் 7 ஹோம் பேசிக் 8 ஜிபிக்கு மேல் பார்க்காது. விண்டோஸ் 10க்கு இலவசப் பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14ஓடு பொதுவாக முடிந்துவிட்டது. உங்கள் பிராசஸருக்கு விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாகக் கிடையாது. பாங்க் வேலை அந்தக் கம்ப்யூட்டரில் செய்கிறீர்கள் என்றால், 8 ஜிபியும் எஸ்எஸ்டியும் போட்ட கையோடு விண்டோஸுக்குப் பதிலாக இலவசமான லினக்ஸ் மின்ட் முயன்று பாருங்கள். டேலி மாதிரி விண்டோஸ் மென்பொருள் ஒன்றைக் கட்டாயம் ஓட்ட வேண்டும் என்றால் மட்டும் யோசிக்க வேண்டும்.

பழைய ரேம் வாங்கலாமா என்றால், தாராளமாக. ஹார்டு டிஸ்க் மாதிரி ஓடி ஓடித் தேய்கிற பொருள் இல்லை இது. சென்னையில் இருந்தால் ரிச்சி தெருவில் கழற்றிய டிடிஆர்3 ஸ்டிக் தேடலாம். போகும்போது உங்கள் பழைய ஸ்டிக் ஒன்றைக் கையோடு எடுத்துப் போங்கள், பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். போர்டு மாடலைத் துண்டுச்சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள். "8 ஜிபி டிடிஆர்3 வேணும்" என்று மட்டும் கேட்டால் கையில் இருப்பதைக் கொடுப்பார்கள். "எச்61 போர்டு, இன்டெல்லில் ஓடணும், ஓடலைன்னா மாத்தித் தரணும்" என்று முதலிலேயே பேசிவிடுங்கள். லேபிள் புதிதாகப் பளபளத்து, சிப்பின் மேல் எழுத்துகள் சுரண்டினது போல இருந்தால் வாங்காதீர்கள்.

போடும் முறை உங்களுக்குத் தெரியும். ஆனால் தப்பு நடப்பது பெரும்பாலும் இங்கேதான். பவர் கார்டைப் பிடுங்கிவிட்டு, ஆன் பட்டனைச் சில வினாடி அழுத்தி மிச்ச மின்சாரத்தை வடியவிடுங்கள். கேபினெட்டின் வெறும் இரும்பைத் தொட்டபின் ரேமைத் தொடுங்கள். ஸ்லாட்டில் தூசி இருந்தால் காய்ந்த பெயிண்ட் பிரஷால் தட்டிவிடுங்கள். பழைய ஸ்டிக்கின் தங்க முனைகள் மங்கியிருந்தால் பள்ளிக்கூட ரப்பரால் மெதுவாகத் தேய்க்கலாம். நம் ஊர் சர்வீஸ்காரர்கள் எல்லாப் பிரச்சினைக்கும் செய்யும் முதல் வைத்தியம் இது. சிரிக்கத் தோன்றும், ஆனால் பாதி நேரம் பலிக்கிறது. ரப்பர் துகளைத் துடைத்துவிட்டுப் போடுங்கள். இரண்டு பக்கக் கொக்கியும் "டக்" என்று மாட்டும் வரை அழுத்த வேண்டும். ஒரு பக்கம் மட்டும் மாட்டி மறுபக்கம் அரை மில்லிமீட்டர் தூக்கியிருந்தாலும் பீப்தான் வரும்.

இரண்டு ஸ்டிக்கையும் ஒன்றாகப் போட்டு ஓடாவிட்டால் ஒவ்வொன்றாக, ஒவ்வொரு ஸ்லாட்டிலும் மாற்றிப் பாருங்கள். அப்போதும் வரவில்லையென்றால் பவர் கார்டைப் பிடுங்கிய நிலையிலேயே போர்டில் இருக்கும் வட்ட பேட்டரியைக் கழற்றி, பத்து நிமிடம் கழித்து மாட்டுங்கள். பயாஸ் பழைய ரேம் கணக்கை மறந்துவிட்டுப் புதிதாகப் படிக்கும். டிஸ்ப்ளே வந்ததும் சந்தோஷத்தில் மூடிவிடாமல், ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ஐப் பென்டிரைவில் போட்டு ஒரு ராத்திரி ஓடவிடுங்கள். சிவப்பில் ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்த ஸ்டிக்கைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். "ஒரு பிழைதானே" என்று விட்டால், என்றாவது ஒருநாள் சேமித்த ஃபைல் திறக்காது, அப்போது யாரும் ரேமைச் சந்தேகப்பட மாட்டார்கள்.

நீங்கள் வாங்கிய அந்த 8 ஜிபியைத் திருப்பி அனுப்பும் நாள் தாண்டவில்லையென்றால் இன்றே அனுப்புங்கள். விளம்பரத்தில் "ஏஎம்டிக்கு மட்டும்" என்று இருந்ததால் "பொருள் பழுது" என்று எழுதினால் மறுக்கக்கூடும். "என் போர்டுக்குப் பொருந்தவில்லை" என்ற காரணத்தைத் தேர்ந்தெடுங்கள். நாள் தாண்டிவிட்டால் தெரிந்தவர்களில் யாரிடமாவது ஏஎம்டியின் ஏஎம்3 போர்டில் பழைய அத்லான் 2 ஓடுகிறதா என்று விசாரியுங்கள், அவர்களுக்கு அது உபயோகப்படும். மாமனாருக்கு ரேம் தேடுவதற்கு முன், கேபினெட்டைத் திறந்து டிடிஆர்2வா 3ஆ என்று பார்த்துவிட்டு, இப்போது ஓடும் ஸ்டிக்கின் இரண்டு பக்கத்தையும் போட்டோ எடுத்து அனுப்புங்கள். சிப்பை எண்ணிப் பார்த்துவிட்டு எதை வாங்கலாம் என்று சொல்கிறேன்.